நாற்பத்து மூன்று இன்ச் தவக்காலம்

லாரன்ஸ் படுக்கையறைக்கு ஒரு டிவி வாங்கப்போகிறார் என்ற செய்தி சுங்கை பினாங் பிளாட்டின் லிஃப்டில்தான் முதலில் வெளியானது. லிஃப்ட் எட்டாவது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் அதற்கு அவர் மூன்று காரணங்கள் சொல்லிவிட்டார். ஹால் டிவி பழசாகிவிட்டது. முதுகுவலி, படுத்துக்கொண்டு பார்த்தால்தான் சுகம். உலகம் போகிற போக்கில் மனுஷன் ராத்திரிச் செய்தி பார்க்காமல் படுக்கக்கூடாது.

மூன்றும் பொய். ஹால் டிவிக்கு நாலு வயதுதான். முதுகு நல்ல முதுகு. செய்தியை அவர் காலையில் கோப்பியோடு பேப்பரில் படிப்பவர்.

உண்மைக் காரணம் அவர் மனைவி அன்னமேரி. போன ஆகஸ்டில் முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்னமேரி, நாலு நாள் படுக்கையறையில் படுத்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம், ஹாலில் இருக்கும் சோஃபா பெட்டில் படுத்துக்கொள்கிறேன் என்றார். காலை நீட்ட வசதி, டாய்லெட்டும் பக்கம், ஆறு வாரம்தானே. லாரன்ஸே தலையணையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். ஆறு வாரம் ஆறு மாதமானது. முழங்கால் தேறி, அன்னமேரி பசாருக்கு நடந்து போகிறார், மீன் விலைக்குச் சண்டை போடுகிறார், கோயிலில் பூ ஜோடிக்க முக்காலி மேல்கூட ஏறுகிறார். தலையணை மட்டும் திரும்பி வரவில்லை.

லாரன்ஸுக்கு அந்த ஆறு மாதமும் சரியான தூக்கம் இல்லை. கட்டிலில் தன் பாதியில் படுத்துக்கொண்டு மறு பாதியைப் பார்ப்பார். அங்கே போர்வைகூட மடிப்புக் கலையாமல் இருக்கும்.

கூப்பிட்டால் என்ன, பக்கத்து அறைதானே என்று நீங்கள் கேட்கலாம். லாரன்ஸைத் தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி அது. முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் சரக்குக் கிளார்க்காக இருந்தவர். எதையும் யாருக்காவது தெரிவிப்பார், கேட்க மாட்டார். ‘மழை வருது’ என்றால் துணியை எடு என்று அர்த்தம். ‘பக்கத்து வீட்ல கருவாடு வறுக்கிறாங்க’ என்றால் பசிக்கிறது. அன்னமேரியைப் பெண் கேட்டதே கடிதத்தில்தான். அதுவும் அன்னமேரிக்கு இல்லை, அவர் அப்பாவுக்கு. டைப் அடித்த கடிதம், கீழே இடது மூலையில் ‘நகல்: பங்குத் தந்தை’.

அப்படிப்பட்டவர் உட்கார்ந்து யோசித்தார். ஹாலில் என்ன இருக்கிறது, படுக்கையறையில் என்ன இல்லை? ஹாலில் டிவி இருக்கிறது. அன்னமேரி தினம் இரண்டு சீரியல் பார்க்கிறார். ஆக, டிவியை இங்கே வைத்தால் மனுஷியும் இங்கே வருவார். ஒரு கிளார்க்கின் கணக்கில் இதில் எந்த ஓட்டையும் இல்லை.

வாங்குவது என்று முடிவானதும் பிடித்தது சனி. கோலாலம்பூரில் இருக்கும் மகள் ஷேரனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை போட்டார். பன்னிரண்டு லிங்க் வந்தது. அம்பத்தஞ்சு இன்ச்சுக்குக் குறைஞ்சு இப்ப யாருமே வாங்கறதில்லப்பா என்றாள். அம்பத்தஞ்சு இன்ச் டிவியை அந்த அறையில் வைத்தால் கட்டிலை வெளியே வைக்க வேண்டும் என்று லாரன்ஸ் பதில் எழுதினார். ஏழாவது மாடிக்காரர் முப்பத்திரண்டே போதும் என்றார். லிஃப்டில் முன்பின் தெரியாத ஒரு சீனப் பாட்டி ‘சாம்சுவா’, அதாவது எதுவானாலும் ஒரே மாதிரிதான், என்று கையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். ஆறு மாதத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே உருப்படியான ஆலோசனை அதுதான். ஆனால் லாரன்ஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அளக்க ஆரம்பித்தார். அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே இருக்கும் சுவர்தான் கட்டிலுக்கு எதிரே, பிளக் பாயிண்ட் இருப்பதும் அங்கேதான். ராஃபியா கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டார். நாற்பத்தோரு இன்ச். அந்தக் கயிற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சீனப் புத்தாண்டு விலைக்கழிவு போட்டிருந்த கடைக்குப் போனார்.

கடையில் டிவி பகுதியைக் கவனித்தவர் புவனேஸ்வரன், நாற்பது வயது, இடுப்பில் பெல்ட் கட்டியவர். டிவி தூக்கித் தூக்கியே முதுகு போனவர் என்பதால் முதுகுவலிப் பொய் அவரிடம் எடுபடவில்லை. லாரன்ஸ் கயிற்றை நீட்டி, சுவர் நாற்பத்தொண்ணு, அதனால் நாற்பத்து மூணு இன்ச் நுழையாது, நாற்பது காட்டு என்றார். டிவியைக் குறுக்கே அளப்பதில்லை, மூலைக்கு மூலை சாய்வாகத்தான் அளப்பார்கள், நாற்பத்து மூன்று இன்ச் டிவியின் அகலம் முப்பத்தெட்டுதான் என்று புவனேஸ்வரன் விளக்கினார். அப்படியானால் முப்பத்தெட்டு என்று சொல்ல வேண்டியதுதானே என்றார் லாரன்ஸ். துறைமுகத்தில் ஒரு பெட்டியை எவனாவது சாய்வாக அளந்து எழுதினால் மறுநாள் அவனுக்கு வேலை இருந்திருக்காது என்றும் சொன்னார். இந்த வழக்கு இருபது நிமிஷம் நடந்தது. கடைசியில் கயிற்றைப் பிடித்து ஆளுக்கு ஒரு பக்கம் நின்று அளந்தார்கள். முப்பத்தெட்டு. லாரன்ஸ் தோற்றதை ஒப்புக்கொள்ளவில்லை. உலகம் ஏமாற்றுகிறது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார்.

அப்புறம்தான் புவனேஸ்வரன் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அண்ணே, ரூம்புல ஒரு ஆள் பாப்பீங்களா, ரெண்டு ஆளா?"

லாரன்ஸ் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார்.

புவனேஸ்வரன் காரணம் சொன்னார். இந்த மாடலை நேரே இருந்து பார்த்தால் படம் நன்றாக இருக்கும். பக்கவாட்டில் போனால் வெளுத்துவிடும், முகமெல்லாம் சாம்பல் பூசின மாதிரி தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிற டிவி அம்பது இன்ச்சில்தான் இருக்கிறது. ஒரே ஆள் என்றால் இதுவே போதும், அந்த ஆள் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாம், இழுத்துத் திருப்புகிற மாதிரி ஒரு பிராக்கெட் இருக்கிறது.

"ரெண்டு ஆள்" என்றார் லாரன்ஸ். கயிற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பிராக்கெட்டையும் போட்டுடு" என்றார்.

புத்தாண்டு விடுமுறை முடிந்து கடை திறந்ததும், ஐந்தாம் நாள், முதல் வீடாக அவர் வீட்டுக்குக் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தார்கள். மலேசியாவில் இப்படிக் கொடுத்த வாக்கை யாரும் காப்பாற்றுவதில்லை. இவர்கள் காப்பாற்றித் தொலைத்தார்கள்.

அந்த வருஷம் புத்தாண்டின் ஐந்தாம் நாள் எது என்று லாரன்ஸ் பார்க்கவில்லை. கோயிலில் கொடுத்த காலண்டர் அடுப்படியிலேயே தொங்குகிறது; சீனக் கடை காலண்டரோ ஹாலில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அது சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் முதல் நாள். போதாததற்குக் காதலர் தினமும் அதே தேதியில் வந்து விழுந்தது.

அன்னமேரி காலைப் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு பேர் வந்து சுவரில் ஓட்டை போட்டார்கள். அந்தச் சுவரில் இருபது வருஷமாக இயேசுவின் திரு இருதயப் படம் இருந்தது, கீழே சின்னச் சிவப்பு பல்போடு. படத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று. லாரன்ஸ் அதை மரியாதையாக எடுத்துப் போய் ஹாலில், சோஃபா பெட்டுக்கு மேலே மாட்டினார். ஆக, அந்த அறையை விட்டு ஹாலுக்குப் போனவர்கள் இப்போது இரண்டு பேர்.

டிவியை மாட்டி முடித்தவர்கள், எந்தப் பக்கம் திருப்பி வைக்க என்று கேட்டார்கள். லாரன்ஸ் சன்னல் பக்கத்தைக் காட்டினார். அது அன்னமேரி படுக்கும் பக்கம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லி, தலையணை இருக்க வேண்டிய இடத்துக்கு நேராகத் திருப்பச் சொன்னார். தன் பக்கத்தில் படுத்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அன்னமேரி நெற்றியில் சாம்பலோடு உள்ளே வந்தார். ஹாலில் திரு இருதயத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றார். படுக்கையறை வாசல் வரைக்கும் வந்து டிவியைப் பார்த்தார். லாரன்ஸ் ஓரமாக நின்று, புதுசு என்று தெரிவித்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அன்னமேரி. "நான் இன்னிக்கிலேர்ந்து டிவி பாக்கறதில்லங்க. முட்டி நல்லானதுக்கு நேர்ந்துக்கிட்டேன். ஈஸ்டர் வரைக்கும்."

"நான் எனக்குத்தான் வாங்கினேன்" என்றார் லாரன்ஸ். அன்றைக்கு அவர் சொன்ன நாலாவது பொய் அது. முதல் மூன்றையும் டிவி கொண்டுவந்த லாரிக்காரர்களிடம் சொல்லியிருந்தார்.

மத்தியானம் அன்னமேரி கோயில் பூ அலங்காரத்துக்கு வைத்திருந்த ஊதாத் துணி ஒன்றை எடுத்து வந்து டிவி மேல் போர்த்தினார். கண்ணில் பட்டால் சோதனையாம். கோயிலில்கூடச் சுரூபங்களைத் தவக்காலத்தின் கடைசி இரண்டு வாரம்தான் இப்படி ஊதாத் துணியால் மூடுவார்கள். லாரன்ஸின் டிவியோ முதல் நாளே பாடுபட்டு மரித்துவிட்டது.

சரி, மனைவிக்குத்தான் விரதம், நமக்கு என்ன என்று லாரன்ஸ் அதனோடு குடித்தனம் நடத்தப் பார்த்தார். துணியை லாரித் தார்ப்பாய் மாதிரி மேலே சுருட்டிவிட்டு டிவியைப் போட்டார். அது படம் காட்டவில்லை. ஒப்பந்தம் ஒன்றைக் காட்டி, படித்து ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டது. உலகத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. லாரன்ஸ் படித்தார். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் துறைமுகத்திலேயே அவருக்கு இல்லை. இரண்டு நாள் ஆயிற்று. பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு ஆட்சேபம் இருந்தது. அதை யாரிடம் சொல்வது என்று டிவியில் எங்கும் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். ஈமெயில் கேட்டது. பாஸ்வேர்ட் கேட்டது. போட்ட பாஸ்வேர்டுக்குப் பலம் போதாது என்றது. அறுபத்து மூன்று வயது மனுஷனைப் பார்த்து ஒரு பெட்டி சொல்கிற வார்த்தையா இது?

ஷேரன் போனில் வழிகாட்டினாள். வழிகாட்டிக்கொண்டே, இதெல்லாம் சூசாவே இல்லப்பா, ஒரு கஷ்டமும் இல்ல, சின்னப் பிள்ளைங்க செய்யுது என்று சொன்னதால் நடுவில் போனை வைக்க வேண்டிவந்தது. மறுபடி எடுத்து, மூன்றாம் நாள் படம் வந்தது. அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. சீரியல் எல்லாம் வருவது டிகோடர் பெட்டி வழியாக, அந்தப் பெட்டியோ ஹாலில். இந்த டிவியில் வருவது இண்டர்நெட்டில் கிடைப்பது மட்டும்தான், அந்த இண்டர்நெட்டும் ஹாலிலிருந்து சுவரைத் தாண்டி வருவதற்குள் களைத்துப்போய்விடுகிறது. அதாவது அன்னமேரியை வரவழைக்க வாங்கிய டிவியில், அன்னமேரி பார்க்கும் எதுவும் வராது. முன்னாலேயே இதை யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், தனக்கு எல்லாம் தெரியும் என்று அவரும் சொல்லியிருப்பார்.

கடைசியில் அவர் பார்த்தது ஆழ்கடல் மீன்களைப் பற்றிய படங்கள். அதுதான் அடிக்கடி நிற்காமல் வந்தது. அந்த மீன்களும் அவருக்கு வெளுத்துத்தான் தெரிந்தன, டிவி அன்னமேரியின் பக்கம் திரும்பியிருந்ததால். கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தால் கொஞ்சம் நிறம் வந்தது, கூடவே கழுத்துப் பிடிப்பும் வந்தது. பிராக்கெட்டைத் திருப்பியிருக்கலாம். கட்டிலில் ஒன்றரை அடி நகர்ந்திருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. அந்த மடிப்புக் கலையாத பக்கத்தில் அவர் ஒருநாளும் படுத்ததில்லை. கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு சாம்பல் நிற மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே டிவி, இன்னும் பார்க்கிறாயா என்று வேறு கேட்டது.

பன்னிரண்டாம் நாள்தான் அவருக்கு அது உறைத்தது. உறைக்கப் பன்னிரண்டு நாளா என்று நாம் கோபப்படலாம், ஆனால் அவர் அந்த மீன்களில் மூழ்கியிருந்தார். ஹால் டிவியும் மூடித்தான் கிடக்கிறது. அன்னமேரி சீரியல் பார்ப்பதில்லை. ஜெபமாலை முடித்துச் சாப்பிட்டு ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார். இருந்தும் ஹாலில்தான் படுக்கிறார். அப்படியென்றால் டிவி காரணமே இல்லை.

கடைக்காரன் அளவில் ஏமாற்றியபோதுகூட லாரன்ஸ் இப்படி இடிந்து போகவில்லை. ஓட்டை கணக்கிலேயே இருந்திருக்கிறது.

உடனே புதிய முயற்சிகளில் இறங்கினார், எல்லாம் அவர் பாணியில். அறையில் ஏர்கோன் சர்வீஸ் பண்ணியாச்சு, ஐஸ் மாதிரி இருக்கு என்று சாப்பாட்டு மேசையில் தெரிவித்தார். கரண்ட் பில் ஏறும், பாத்துப் போடுங்க என்றார் அன்னமேரி. ஹாலில் கொசு அதிகம் என்றார். கொசுவர்த்தி வாங்கிட்டேன் என்றார் அன்னமேரி. சோஃபா பெட் ரொம்ப நாள் படுத்தால் இடுப்புக்கு ஆகாது என்று பேப்பரில் போட்டிருப்பதாகச் சொன்னார். எந்தப் பேப்பர் என்று கேட்டார் அன்னமேரி. கோயிலுக்குப் போய் ஃபாதரிடம், புது டிவியை மந்திரிக்க வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். அந்தச் சாக்கில் எல்லாரும் அறையில் ஒருதரம் கூடலாமே. ரோட்டில் ஓடுகிற காடியை மந்திரிப்போம், வீட்டை மந்திரிப்போம், டிவியை அதுவும் தவக்காலத்தில் மந்திரித்து எனக்குப் பழக்கமில்லை என்று ஃபாதர் தப்பித்துக்கொண்டார். ஷேரனை விட்டுக் கேட்கச் சொன்னார். ஷேரன் கேட்டாள். அப்பா நல்லாத் தூங்கட்டும்னு அம்மா சொல்றாங்கப்பா, என்னா சண்டை ரெண்டு பேருக்கும் என்றாள். சண்டையா? ஒரு சண்டையும் இல்லை. சண்டை இருந்தால் சமாதானமாவது ஆகலாம்.

மார்ச் நடுவில், வேறு போக்கிடம் இல்லாமல், லிட்டில் இந்தியாவில் பணமாற்றுக் கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீனிடம் போனார். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். போன நேரம் மத்தியானம் மூன்று மணி, ரமலான் நோன்பின் மூன்றாம் நாள். ஷேக் கண்ணாடிக்குப் பின்னால் உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தார். லாரன்ஸ் ஆகஸ்ட் மாதத்திலிருந்து ஆரம்பித்தார். முழங்கால், சோஃபா பெட், ராஃபியா கயிறு, பத்தொன்பதாம் பக்கத்து ஆட்சேபம், ஆழ்கடல் மீன். நடுவில் வெள்ளைக்காரர் ஒருவர் வந்து டாலர் மாற்றிவிட்டுப் போனார். ஷேக் கடைசி வரைக்கும் கேட்டார்.

"இதெல்லாம் அன்னமேரிகிட்ட சொன்னியா?"

"ஜாடையா சொன்னேன்."

"ஜாடையா யார் யார்கிட்டலாம் சொன்ன?"

லாரன்ஸ் யோசித்தார். மகள், பங்குத் தந்தை, டிவி கடைக்காரர், லிஃப்டில் ஒரு எட்டுப் பத்துப் பேர்.

"லாரன்ஸு," என்றார் ஷேக், "நோன்பு வச்சிருக்கேன், கோவப்படக்கூடாது. பொண்டாட்டிக்கு எழுதறத பொண்டாட்டிக்கு எழுது. ஊருக்கெல்லாம் நகல் அனுப்பிட்டு, ஒரிஜினல பாக்கெட்டுலயே வச்சிருக்க. எனக்கும் ஒரு நகல் வந்துருச்சு. தாஹான் பண்ண முடியல, தாங்கல, போ."

அதற்கு இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயிலில் சுரூபங்களை மூட வேண்டும், ஊதாத் துணி ஒன்று குறைகிறது என்று அன்னமேரிக்குப் போன் வந்தது. எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாடு முடிந்து படுக்கையறைக்குள் போனார். சாம்பல் புதனிலிருந்து, அலமாரியில் துணி எடுக்க வந்தால்கூட டிவி இருந்த பக்கம் பார்க்காமல் வந்து போனவர், அன்றைக்குத்தான் கிட்டே போய்த் துணியை உருவினார். மடிப்பதற்காகக் கட்டிலின் சன்னல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அணைந்திருந்த கறுப்புத் திரையில் அவர் முகம் நேருக்கு நேராகத் தெரிந்தது. கண்ணாடி பார்ப்பது போல.

மடிப்பதை நிறுத்தினார். எழுந்து கட்டிலைச் சுற்றி வந்து, லாரன்ஸின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். திரையில் சன்னலும் வெளியே எதிர் பிளாட்டின் துணிக்கொடியும்தான் தெரிந்தன. மேசை மேல் தைலக் குப்பி முக்கால்வாசி காலியாக இருந்தது. மறுபடி தன் பக்கம் போய் உட்கார்ந்தார்.

லாரன்ஸ் வாசலில் கோப்பிக் குவளையோடு வந்து நின்றார்.

"இது ஏங்க என் பக்கம் திரும்பியிருக்கு?"

"பிராக்கெட்டு அப்படி" என்று ஆரம்பித்தார் லாரன்ஸ். அப்புறம், "மாட்ட வந்தவனுங்க..." என்றார். அதற்கப்புறம், "ஷேரன் என்னா சொன்னான்னா..."

"ஷேரன் சொன்னது வேணாம். ஃபாதர் சொன்னதும் வேணாம். நீங்க சொல்லுங்க."

லாரன்ஸ் குவளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீ உள்ள வந்து படு" என்றார்.

கல்யாணமான முப்பத்தாறு வருஷத்தில் அவர் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கீழே இடது மூலையில் ஒன்றும் இல்லை.

அன்னமேரி உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. அவரிடமும் ஏழு மாதமாக ஒன்று இருந்தது. ஆபரேஷன் முடிந்து வந்த ஐந்தாம் நாள், பங்கிலிருந்து நாலு பெண்கள் நோயாளியைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்களுக்கு லாரன்ஸே கோப்பி கலந்து கொடுத்தார், பேச்சும் கொடுத்தார்.

"நாலு நாளா கண்ணே மூடல சிஸ்டர், அவ பொரள்ற பொரள்ல கட்டிலே நடக்குதுன்னு சொன்னீங்க. அவங்க நாலு பேரும் சிரிச்சாங்க. நான் இங்கதான் படுத்திருந்தேன். எனக்கு நோவுங்க. நோவுலதான் பொரண்டேன்."

லாரன்ஸுக்கு ஞாபகம் வந்தது. நல்ல சிரிப்புக் கிடைத்த பேச்சு அது. அப்புறம் லிஃப்டிலும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம்தான் அவரே தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனது. வசதியாக இருக்கட்டுமே என்று அதைத் தட்டி உப்பலாக வைத்துவிட்டும் வந்தார்.

"தமாஷுக்குச் சொன்னேன்" என்றார்.

"தெரியும். நீங்க தூங்குனா போதும்னுதான் போனேன்."

"தூங்கலியே."

இதைக் கேட்டு அன்னமேரிக்கு இரக்கம் வந்ததா எரிச்சல் வந்ததா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஏழு மாதம் சோஃபா பெட்டின் கம்பி குத்தியதை நினைத்திருந்தால் எரிச்சல்தான் வந்திருக்கும். துணியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கோயிலுக்குப் போகும் முன் மூன்று உத்தரவுகள் போட்டார். திரு இருதயம் இந்தச் சுவருக்கே திரும்பி வர வேண்டும், டிவிக்குப் பக்கத்தில் இடம் இல்லாவிட்டால் மேலே. ஈஸ்டர் வரைக்கும் டிவியைப் போடக்கூடாது, மீனும் கூடாது. மூன்றாவது, "இனிமே நான் பொரண்டா என்கிட்ட சொல்லுங்க. வேற ஒரு ஆள்கிட்டயும் சொல்லக்கூடாது."

படத்தை மேலே மாட்ட மறுபடி சுவரில் ஓட்டை போட வேண்டியிருந்தது. ஒன்பதாவது மாடிக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். தலையணையை லாரன்ஸ் அன்று மத்தியானமே கொண்டுவந்து வைத்துவிட்டார், ராத்திரி வரைக்கும் பொறுக்க முடியவில்லை.

இதோடு நிம்மதி என்று நினைப்பவர்கள் ஈஸ்டருக்குப் பிறகு அந்த அறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ஷேரன் ஊருக்கு வந்து, சுவரைத் தாண்டி இண்டர்நெட் வர ஒரு சின்னப் பெட்டி மாட்டி, அம்மாவின் சீரியல்கள் எல்லாம் அந்த டிவியிலேயே வருகிற மாதிரி செய்து வைத்துவிட்டுப் போனாள். நாற்பது நாள் விட்டுப்போன கதையை அன்னமேரி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். தினம் நாலு பாகம். டிவி இன்னும் சன்னல் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. அதைத் திருப்புவது பற்றி யாரும் பேசவில்லை. லாரன்ஸுக்கு மாமியாரும் மருமகளும் சாம்பல் பூசினவர்களாகவே தெரிகிறார்கள். பார்த்துக்கொண்டே அன்னமேரி தூங்கிவிடுவார், ரிமோட் அவர் தலையணைக்கு அடியில் போய்விடும். அதை உருவினால் எழுந்துவிடுவார். இன்னும் பார்க்கிறாயா என்று டிவி கேட்கும். கேட்டுவிட்டுப் பதில் வராமல் தானே அணையும். அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அதற்கு மேலே திரு இருதயத்தின் சிவப்பு பல்பு, இரண்டும் விடிய விடிய லாரன்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும். முழங்கால் தேறினாலும் புரளுகிற பழக்கம் தேறவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை கட்டில் நடக்கிறது.

ஏப்ரலில் நோன்புப் பெருநாளுக்கு ஷேக் அலாவுதீன் வீட்டுக்கு இரண்டு பேரும் போனார்கள். ஓலையில் அவித்த கெத்துப்பாட்டுச் சோறும் ரெண்டாங் கறியும் வைத்து உபசரித்த ஷேக், லாரன்ஸின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண் இரண்டும் சிவந்து, கீழே பை தொங்கியது. ஏழு மாதத் தனிமையில்கூட அவ்வளவு மோசமாக இல்லை.

"என்னாலா இது, தூங்குறியா இல்லியா?" என்று கேட்டார். கேட்ட இடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிரிக்கத் தெரிந்தவர்கள். லாரன்ஸின் நாக்கு நுனியில் கட்டில் நடக்கிற கதை முழுசாக வந்து நின்றது.

மேசைக்கு அந்தப் பக்கம் அன்னமேரி கெத்துப்பாட்டின் ஓலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. கை மட்டும் நின்றது.

"நல்லாத் தூங்குறேன்" என்றார் லாரன்ஸ்.

அன்னமேரி ஓலையைப் பிரித்து முடித்தார். ரெண்டாங்கில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, கேட்காமலேயே அவர் தட்டில் வைத்தார்.